வீட்டுக்கு வந்த கலந்தாய்வு

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான மறுநாளிலிருந்து பொறியியல் கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடிகிற வரையில், எங்கள் தெருவில் என்னைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு கைபேசியும், அந்தக் கைபேசிக்குள் எண்ணிறந்த வீடியோக்களும், அவ்வளவையும் பார்த்து முடித்த பிறகும் தெளியாத ஒரு மனமும் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். நான் கல்வி ஆலோசகன் அல்லன். தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். இணையத்தில் எதையாவது படித்துக்கொண்டிருப்பவர் என்று ஊரில் ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டபடியால், சங்கரன்கோவிலில் எந்தப் பிள்ளை எந்தக் கல்லூரியில் சேர வேண்டும் என்ற மகத்தான பிரச்சினையில் அபிப்பிராயம் சொல்லும் பொறுப்பும் என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் சிரமம் குறையும், வருகிறவர்களுக்கும் சாவகாசமாகப் படித்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்பதே இந்த நீண்ட பதிவின் உத்தேசம்.

இன்றைய பிள்ளைகளுக்குப் பழைய கலந்தாய்வு எப்படி நடந்தது என்பதே தெரியாது. அதைச் சொல்லாமல் புதியதின் இயல்பை விளக்குவதும் எளிதன்று. விண்ணப்பப் படிவத்தையும், கல்லூரிகளின் பெயரும் குறியீட்டு எண்ணும் அச்சிட்ட தடித்த புத்தகத்தையும் வரிசையில் நின்று வாங்கி, நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் அதையும் எழுதி, பிறகு அழைப்புக் கடிதம் வந்ததும் அதைக் காட்டி அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணத்தில் இரவெல்லாம் பயணம் செய்து, விடியற்காலையில் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்து வாசலில் தகப்பனும் பிள்ளையுமாக இறங்கி நிற்பார்கள். வாசலிலேயே சில கல்லூரிகளின் ஆட்கள் துண்டுப் பிரசுரத்தோடு காத்திருந்து, "நம்ம காலேஜ்ல பஸ் வசதி உண்டு சார்" என்று தோளில் கை போடுவார்கள். உள்ளே போனால் பெரிய திரையொன்றில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எந்த வகுப்பாருக்கு எத்தனை இடம் மிச்சம் என்பது ஓடிக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று குறையும். குறைந்த இடத்துக்காகப் பக்கத்து நாற்காலிக்காரர் பெருமூச்சு விடுவார். நம் முறை வந்ததும் கணிப்பொறி முன்னால் உட்கார்ந்து, மிச்சமிருக்கிற இடங்களில் ஒன்றைச் சொன்னால் தீர்ந்தது. அச்சடித்த உத்தரவு கையில் கிடைத்துவிடும்.

2007-08 கல்வியாண்டிலிருந்து நுழைவுத் தேர்வு ஒழிந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றாயிற்று. 2018இல் பொதுக் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. மறு ஆண்டிலிருந்து அதை நடத்தும் பொறுப்பும் அண்ணா பல்கலைக்கழகத்திடமிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் போயிற்று. கிண்டிக்குப் போகிற செலவும் அலைச்சலும் மிச்சம் என்று எல்லாரும் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நியாயமானதே, கூலி நாளை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் லாட்ஜில் தங்கி வந்த விசைத்தறித் தொழிலாளியின் சிரமம் எனக்குப் பிரத்தியட்சமாகத் தெரியும். ஆனால் இடம் மட்டும்தான் மாறியது என்று பலர் எண்ணிக்கொண்டிருப்பதே இன்று நடக்கிற குழப்பங்களுக்கெல்லாம் மூலகாரணம் என்பது என் துணிபு. அன்றைக்கு நம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி, "இருக்கிறவற்றில் எது வேண்டும்?" என்பது. இன்றைக்குக் கேட்கப்படுகிற கேள்வி, "எல்லாமே இருப்பதாக வைத்துக்கொண்டால் முதலில் எது, அது இல்லாவிட்டால் அடுத்து எது, அதுவும் இல்லாவிட்டால்?" என்பது. முதல் கேள்விக்குக் கண் இருந்தால் போதும். இரண்டாவதற்கு, நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளையும் அவற்றின் பிரிவுகளையும் முன்கூட்டியே மனத்தில் நிறுத்தி எடை போட்டு, தன் பிள்ளைக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு இணையத்தில் கிடைக்கிற சகாயம் இரு வகைப்படும். கண்ணைப் பறிக்கிற வகை ஒன்று; கொட்டாவி வரவழைக்கிற வகை மற்றொன்று. முதல் வகையில், "உங்க கட்-ஆஃப் 160ஆ? இந்தப் பத்துக் காலேஜைத் தவறவிடாதீங்க" என்று சிவப்பு எழுத்தில் கூவுகிற வீடியோக்களும், மதிப்பெண்ணையும் செல்பேசி எண்ணையும் கொடுத்தால் கல்லூரிப் பட்டியலைக் கக்குகிற இணையதளங்களும் அடங்கும். மதிப்பெண்ணுக்கும் சாதிப் பிரிவுக்கும் மேலாகச் செல்பேசி எண் எதற்கு என்று ஒரு கணம் யோசித்தால் போதும். அந்த எண்ணைக் கொடுத்த மறுநாளிலிருந்து நிர்வாக ஒதுக்கீட்டு இடம் பற்றி விசாரித்துக்கொண்டு வருகிற அழைப்புகள் மீதியைப் புரியவைத்துவிடும். எல்லா வீடியோக்காரர்களும் அப்படியல்லர். விதிகளைப் பொறுமையாக விளக்குகிற சில ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்கள். விதியை விளக்கினால் கேட்டுக்கொள்ளலாம், கல்லூரியைப் புகழ்ந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்பது நான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிற முறை.

இரண்டாவது வகைதான் நமக்கு உற்ற துணை. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான டி.என்.இ.ஏ. இணையதளத்தில் எந்தவித அலங்காரமும் இல்லாமல், முந்திய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு வகுப்பாருக்கும் கடைசியாக இடம் கிடைத்த மதிப்பெண் எவ்வளவு என்ற அட்டவணை இருக்கிறது. கல்லூரிக்குக் குறியீட்டு எண் உண்டு: கிண்டி பொறியியல் கல்லூரி 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4, கோவை பி.எஸ்.ஜி. 2006, மதுரை தியாகராசர் 5008. பிரிவுக்கு இரண்டு எழுத்து. முதல் நாள் பார்த்தால் தலை சுற்றும். இரண்டாம் நாள் பழகிவிடும். மூன்றாம் நாள் பிள்ளைகள் கல்லூரியின் பெயரை விட்டுவிட்டு எண்ணைச் சொல்லியே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அட்டவணையைப் படிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கட்-ஆஃப் என்பது கணிதம் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்குமாகக் குறைத்துக் கூட்டிய இருநூறு. கணிதத்தில் 96, இயற்பியலில் 88, வேதியியலில் 90 வாங்கியவருக்கு 96, 44, 45 சேர்ந்து 185 ஆகிறது. ஆனால் 185 என்பது ஆண்டுக்கு ஆண்டு ஒரே பொருள் உடையதன்று. கணித வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் 185க்கு மேலே ஒரு பெருங்கூட்டமே நிற்கும். கடினமாக வந்த ஆண்டில் அதே 185 கௌரவமான ஆசனத்தில் உட்காரும். ஆகையால் மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதைவிடத் தரவரிசையைத் தரவரிசையோடு ஒப்பிடுவதே அறிவுடைமை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எந்தத் தரவரிசைக்காரருக்கு எந்தக் குறியீட்டுக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைத்தது என்ற நீண்ட பட்டியலையும் வெளியிடுகிறார்கள். சென்ற ஆண்டுப் பட்டியலில் நம் தரவரிசைக்குச் சற்று மேலும் கீழும் நின்றவர்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு மாலைப் பொழுது பென்சிலும் கையுமாக உட்கார்ந்து பார்த்தால், எந்த ஜோதிடரும் எந்தக் கணிப்பு இணையதளமும் தராத தெளிவு பிறக்கும். பார்க்கும்போது பொதுப் பிரிவு, நம் வகுப்பு ஆகிய இரண்டு பத்திகளையும் பார்க்க வேண்டும். தரவரிசை இடங்கொடுத்தால் யாருக்கும் பொதுப் பிரிவிலேயே இடம் கிடைக்கும். அங்கே தீர்ந்துபோயிருந்தால்தான் வகுப்பு ஒதுக்கீட்டுக்கு வருகிறது.

ஜோதிடம் என்றதும் ஞாபகம் வருகிறது. விண்ணப்பித்தவர் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கத்தில் ஒரு சமவாய்ப்பு எண் வழங்குகிறார்கள். அது வந்த அன்றைக்கு, "எம் புள்ளைக்கு ஒம்பதுல ஆரம்பிச்சிருக்கு, நல்லதா கெட்டதா?" என்று ஓர் அம்மாள் என்னிடம் ஓடி வந்தார். கட்-ஆஃப் சமமாக இருந்து, கணித மதிப்பெண்ணும் சமமாக, இயற்பியலும் சமமாக, இன்னும் பிற மதிப்பெண்களும் பிறந்த தேதியும்கூடச் சமமாக இருக்கிற இரண்டு பிள்ளைகள் ஒருவரோடொருவர் மோதினால் மட்டுமே அந்த எண்ணுக்கு வேலை. அப்போது பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. அப்படி மோதுகிற சந்தர்ப்பம் மிக அபூர்வம். இவ்வளவும் விளக்கிய பிறகு அந்த அம்மாள், "அப்ப நல்லதுதான்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்தியோடு போனார்.

கல்லூரியின் தரத்தை அறிவதற்கும் இதே போன்ற வறண்ட காகிதங்களே நல்ல சாட்சிகள். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அதில் ஒரு கல்லூரி தொடர்ந்து எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்தித் தாங்களே தாள் திருத்திக்கொள்வதால், அவற்றை இந்தத் துலாக்கோலில் நிறுத்த முடியாது. அவற்றுக்கு வேறு வழி உண்டு. 2016இலிருந்து மத்திய அரசு வெளியிட்டு வருகிற என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். வரிசையில் கல்லூரிக்குக் கிடைத்த எண்ணைக் காட்டிலும், அந்த வரிசைக்காகக் கல்லூரி சமர்ப்பித்த விவரத் தாள்தான் நமக்கு முக்கியம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்பதெல்லாம் அதில் ஆண்டுவாரியாக இருக்கும். அந்தத் தாளைக் கல்லூரி தன் இணையதளத்திலேயே போட்டு வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் முகப்பில் இராது, அடியில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும்.

இடைநிலைச் சம்பளம் என்ற அந்த ஒரு வரியின் அருமையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்துப் பெரிய விளம்பரப் பலகையில் கோட் அணிந்த ஒரு பிள்ளையின் படத்தைப் போட்டு, பக்கத்தில் நாற்பது லட்சம் என்று எழுதியிருந்தால், அது அந்த ஒரு பிள்ளையின் சம்பளம், அவ்வளவுதான். சராசரி என்று சொன்னாலும் அந்த நாற்பது லட்சம் மற்றவர்களையெல்லாம் தன்னோடு சேர்த்து மேலே தூக்கிவிடும். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசைப்படி நிறுத்தி, நட்ட நடுவில் நிற்கிறவனைக் கூப்பிட்டு, "தம்பி, உனக்கு எவ்வளவு?" என்று கேட்டால் வருகிற விடைதான் இடைநிலை. நம் பிள்ளை பெரும்பாலும் அந்த நடுவிலேதான் நிற்கப் போகிறான். விளம்பரப் பலகையில் ஒரு தொகையும் விவரத் தாளில் அதில் பத்தில் ஒரு பங்கும் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து என்னிடம் காட்டியிருக்கிறார்கள். நான் அங்கே போய் யார் பொய் சொன்னார்கள் என்று விசாரிப்பதில்லை. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எந்த உண்மை நமக்கு உரியது என்பதுதான் விஷயம்.

அங்கீகார விவகாரத்தில் ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நாக் தருகிற சான்று கல்லூரி முழுமைக்கும் உரியது; என்.பி.ஏ. தருகிற சான்று ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியானது. மெக்கானிக்கலுக்கு என்.பி.ஏ. வாங்கியிருக்கிற கல்லூரி, நேற்றுத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கும் அதையே சுட்டிக்காட்டினால் நாம் தலையாட்டக் கூடாது. என்.பி.ஏ. இணையதளத்தில் பிரிவுவாரியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர்களிலும் எச்சரிக்கை வேண்டும். வேலூர் வி.ஐ.டி., தஞ்சாவூர் சாஸ்திரா முதலிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்குள் வருவதேயில்லை. அவற்றுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகமும் உண்டு, எஸ்.ஆர்.எம். வள்ளியம்மை பொறியியல் கல்லூரியும் உண்டு. முன்னது கலந்தாய்வுக்கு வெளியே, பின்னது உள்ளே. பி.எஸ்.ஜி., தியாகராசர் போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பெயரில் இரண்டு பிரிவுகள் இருந்து, ஒன்றின் பக்கத்தில் மட்டும் எஸ்.எஸ். என்று இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அது சுயநிதிப் பிரிவு என்பதன் அடையாளம். வகுப்பறையும் ஆசிரியரும் கல்லூரியும் ஒன்றாக இருக்கக்கூடும். கட்டணம் ஒன்றாக இராது. பட்டியலில் போடும்போது இந்த இரண்டு எழுத்தைக் கவனியாமல் விட்டுவிட்டு, கட்டணம் கட்டுகிற அன்றைக்குத் திகைத்து நின்ற குடும்பங்கள் உண்டு.

இனி, எங்கள் பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் கண்ட காட்சியைச் சொல்ல வேண்டும். அதன் பெயர் வேண்டாம். எந்த ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும். ஜூன் மாதத்தில் அங்கே கால் வைக்க இடம் இராது. ஜெராக்ஸ் இயந்திரத்தின் வெக்கையில் வியர்த்துக்கொண்டு, மடித்து மடித்துக் கோடு விழுந்த சாதிச் சான்றிதழையும், லேமினேஷன் உரிந்த மாற்றுச் சான்றிதழையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாய்மார்கள் நிற்பார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கிற பையன் கெட்டிக்காரன். விண்ணப்பத்தைச் சில நிமிஷங்களில் முடித்துவிடுகிறான். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் 250 ரூபாய். அதற்கு மேல் அவனுடைய கூலி. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் "செல் நம்பர்?" என்று கேட்கிற இடத்தில், அந்தத் தாய் தன்னிடம் போன் இல்லை, மகன் வேலைக்குப் போகையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றதும், பையன் யோசிக்காமல் தன் எண்ணைத் தட்டினான். கடவுச்சொல்லையும் அவனே வைத்தான். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். அந்த நிமிஷத்திலிருந்து அந்தத் தாயின் மகளுடைய கலந்தாய்வுக்குச் சாவி அவனிடம்தான். ஓ.டி.பி. அவனுக்கு வரும், தரவரிசை பற்றிய தகவல் அவனுக்கு வரும், ஒதுக்கீட்டை உறுதி செய்யும் இரண்டு நாளும் அவன் திருச்செந்தூருக்குப் போயிருந்தால் அவ்வளவுதான்.

நான் குறுக்கிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து மகனுக்குப் போன் போட்டு அவனுடைய எண்ணைக் கொடுக்கச் செய்தேன். பையனுக்கு என்மேல் வருத்தமில்லை. "நல்லதுதான் அண்ணாச்சி, எனக்கு ராத்திரி பூரா மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு" என்றான். ஆனால் அதே பையன், கல்லூரி விருப்பங்களை வரிசைப்படுத்திப் பதிகிற சாய்ஸ் ஃபில்லிங் நாட்களில் தன்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் கட்-ஆஃபுக்குத் தகுந்தபடி முன்னமே எழுதி வைத்திருந்த ஒரே பட்டியலை இறக்கிக்கொண்டிருந்தான். நூற்றைம்பது வாங்கியவர்களுக்கு ஒரு தாள், நூற்று எழுபதுக்கு ஒரு தாள். தறி ஓட்டுகிறவர் மகளுக்கும், தோட்டக்காரர் மகனுக்கும், விடுதியில் தங்க முடிகிறவருக்கும் முடியாதவருக்கும் ஒரே வரிசை. பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசே அமைத்திருக்கிற டி.எஃப்.சி. என்ற உதவி மையங்கள் இருக்கின்றன; விண்ணப்பம் போடுவது முதல் சான்றிதழ் சரிபார்ப்பில் வருகிற சிக்கல் வரைக்கும் அங்கே பணம் வாங்காமல் உதவுகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே போவது தூரமாக இருந்தால் பிரவுசிங் சென்டருக்கே போகலாம். போகும்போது நம் போன் நம்பரும், வீட்டில் உட்கார்ந்து நாமே எழுதிய வரிசையும் கையில் இருக்கட்டும்.

அந்த வரிசையை எழுதுவதில்தான் வீட்டுக்கு வீடு வழக்கு. என் தங்கை மகள் சென்ற ஆண்டு இந்தப் படலத்தில் இருந்தாள். அவளுக்கு மின்சாரம், மின்னணுவியல் இவற்றில்தான் நாட்டம். அவளுடைய தகப்பனாருக்கோ கம்ப்யூட்டர் சயன்ஸ் என்ற பெயர் உள்ள எதுவும் போதும். ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரிசை எழுத உட்கார்ந்தோம். அவள் முதல் வரியில், சென்ற ஆண்டு அவளுடைய தரவரிசைக்கு எட்டியே இராத ஓர் இடத்தை எழுதினாள்: கிண்டி, ஈ.சி.ஈ.

"கிடைக்காததை முதல்ல போட்டு எதுக்கு வேஸ்ட் பண்ணணும், மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. "நம்மளை முதல்ல போட்டவங்களுக்குத்தான் முதல்ல குடுப்போம்னு அந்தக் காலேஜ்காரன் நினைக்க மாட்டானா?"

"காலேஜ்காரன் யாரும் இதைப் பாக்கப் போறதில்ல, மாப்பிள்ளை. மிஷின்தான் பாக்கும்."

"அப்ப நான் மேல எத்தனை எழுதினாலும் கீழ உள்ளது போயிராதா மாமா?" என்று கேட்டாள் பெண். கேள்வி என்றால் இதுதான் கேள்வி. ஆயிரம் வீடியோ பார்த்தவர்களுக்கும் இதில்தான் சந்தேகம்.

கணிப்பொறி செய்வது மிகச் சாதாரணமான காரியம். தரவரிசையில் முதலில் நிற்கிறவரின் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்து, காலியாக இருக்கிற முதல் இடத்தை அவருக்குக் கொடுக்கிறது. பிறகு இரண்டாமவர், பிறகு மூன்றாமவர். நம்முடைய முறை வருகிறபோது நமக்கு முன்னே நின்றவர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் என்னவோ, அதில் நம் பட்டியலில் மேலே இருப்பது நமக்கு. நமக்குப் பின்னால் நிற்கிறவர், நாம் ஐந்தாவதாக எழுதியதைத் தம் பட்டியலில் முதலாவதாக எழுதியிருந்தாலும், நம் முறை முடிகிற வரையில் அவர் வாய் திறக்க முடியாது. ஆகவே எட்டாத ஒன்றை மேலே எழுதுவதால் கீழே எழுதியது ஒரு துளியும் கைநழுவாது. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், அதற்கும் தடையில்லை. நஷ்டம் வருவதெல்லாம் இதற்கு நேர்மாறான காரியத்தைச் செய்கிறபோதுதான்: கிடைக்கும் என்று தோன்றுவதைப் பயந்துகொண்டு மேலே வைத்து, விரும்புவதைக் கீழே தள்ளினால், அந்தப் பயந்த இடமே கிடைத்துவிடும், விரும்பியது காலியாகவே இருந்தாலும் இயந்திரம் அதுவரை இறங்கி வராது. கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்கு எல்லாம் பட்டியல் எவ்வளவு தூரம் கீழே போக வேண்டும் என்பதற்காக; வரிசை முழுவதும் விருப்பத்தின்படியே இருக்க வேண்டும். பழைய அட்டவணைகளை நான் இவ்வளவு புகழ்ந்ததும் அந்த அடிப்பகுதிக்காகத்தான். பட்டியல் பாதியில் தீர்ந்துபோய் அந்தச் சுற்றில் ஒன்றுமே கிடைக்காமல் போகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

மாப்பிள்ளை சமாதானம் அடைந்தாரென்று சொல்ல முடியாது. அவருடைய கம்ப்யூட்டர் சயன்ஸ்களை எங்கே செருகுவது என்பதில் ராத்திரி வெகுநேரம் பேச்சு நடந்தது. "எந்த ரெண்டை எடுத்துக்கிட்டாலும், ரெண்டும் கையில வந்தா நீ எதுக்குப் போவே? அதை மேல எழுது" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். அவள் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியின் ட்ரிபிள் ஈயைத் தகப்பனாருடைய சுயநிதிக் கல்லூரிகள் அனைத்துக்கும் மேலே எழுதினாள். கட்டணத்தைச் சொன்னதும் அவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

பட்டியல் பதிவாகி, தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இன்னொரு கண்டம் இருக்கிறது. உறுதி செய்யக் கொடுக்கிற நாட்கள் இரண்டே. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு சேர்ந்துவிடுகிறேன் என்று சொல்லலாம். ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மேலே ஏதாவது காலியானால் அதைக் கொடுங்கள் என்றும் சொல்லலாம். இது வேண்டாம், மேலே உள்ளது மட்டும் வேண்டும் என்றும், அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்றும், கலந்தாய்விலிருந்தே விலகுகிறேன் என்றும் சொல்லலாம். எதையுமே சொல்லாமல் மௌனமாக இருப்பது மட்டும் ஆகாது, இடம் போய்விடும். ஏற்றுக்கொண்டு மேலே பார்க்கிறேன் என்கிறவர்கள் குறித்த நாளுக்குள் உதவி மையத்தில் கட்டணம் செலுத்த வேண்டும். சேர்கிறேன் என்கிறவர்கள் கல்லூரிக்கே போக வேண்டும். மேல்நோக்கிய நகர்வில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. மேலே எழுதிய இடம் ஒன்று காலியாகி நமக்குக் கிடைத்துவிட்டால், முன்பு கிடைத்தது அந்த க்ஷணமே வேறொருவருக்குப் போய்விடும். பழையதே போதும் என்று திரும்பி வர முடியாது. கௌரவத்துக்காக ஒரு பெரிய கல்லூரியின் பெயரை மேலே எழுதி வைத்து, அது உண்மையாகவே கிடைத்துவிட்டபோது அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். என் தங்கை மகளுக்கு ட்ரிபிள் ஈ கிடைத்தது. மேலே கேட்டுப் பார்த்தாள், நகரவில்லை, திருநெல்வேலியிலேயே படித்துக்கொண்டிருக்கிறாள்.

பண விஷயத்தில் இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இவை தெரியாமலே இழக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்கிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளைக்கு முதல் பட்டதாரி என்ற கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதிகாரிகள் பார்த்துக் கையெழுத்திட நாளாகும். ஆகவே தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்து வெயிலிலேயே இந்தக் காரியத்தைத் தொடங்கிவிடுவது நலம். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் குறிக்காமல் விட்டுவிட்டு ஆகஸ்டில் வந்து கேட்கிறவர்களுக்கு நான் என்ன சகாயம் செய்ய முடியும்?

விதிகளில் சில ஆண்டுதோறும் சிறிது மாறும். சுற்றுகளின் எண்ணிக்கையும் தேதிகளும் மாறும். எனவே நான் எழுதியிருப்பதையும் அந்தந்த ஆண்டுத் தகவல் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழிலும் அது கிடைக்கிறது.

இன்னும் ஒன்று. கல்லூரியில் சேரப் போகிற அன்றைக்கு, அசல் சான்றிதழ்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, "நாலு வருஷம் கழிச்சு வாங்கிக்கிடலாம்" என்று சொல்கிற அலுவலகங்கள் உண்டு. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி, வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் வேறிடம் கிடைத்து விலகுகிற மாணவருக்கு, அதிகபட்சம் 1000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு கட்டிய தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே விதிதான். அந்தச் சுற்றறிக்கை ஏ.ஐ.சி.டி.இ. இணையதளத்தில் இருக்கிறது. ஒரு பிரதி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். நாங்கள் போனபோது மாப்பிள்ளை அதை வெளியே எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, ஆனால் அவருடைய பேச்சில் ஒரு நிமிர்வு இருந்தது.